ஸ்ட்ரெய்ட்னர் சூட்டைக் கூட்டினால் பறட்டை அடங்குமா?

கேள்வி, அம்பாசமுத்திரத்திலிருந்து – ஜூன் 11

எனக்குச் சுருட்டையும் இல்லாத, கோரையும் இல்லாத முடி. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஸ்ட்ரெய்ட்னரை 200-ல் வைத்து இழுக்கிறேன். காலேஜுக்குப் பஸ் ஏறி இறங்குவதற்குள் தலை பறட்டையாகிவிடுகிறது. மெஷினில் 230 வரை இருக்கிறது. கூட்டினால் நிற்குமா, இல்லை மெஷினையே மாற்றணுமா அக்கா?

ஜூன் 11, இரவு

கூட்டாதே. மெஷினையும் மாற்றாதே. நேரத்தை மாற்று. தலைக்குக் குளிப்பதை முந்தின நாள் சாயங்காலத்துக்குத் தள்ளு, ஸ்ட்ரெய்ட்னர் மறுநாள் காலை. சூடு 160-ல் ஆரம்பி. குளித்த கையோடு அரை ஈரத்தில் இழுக்கிற முடி எத்தனை டிகிரியில் இழுத்தாலும் நிற்காது.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் முடிக்குப் பஞ்சமில்லை. எனக்குத் தடித்த அலை முடி. அக்கா மகளுக்கு நெருக்கமான சுருட்டை. மைனிக்கு மெல்லிய கோரை. கல்யாணம், சடங்கு, வளைகாப்பு என்று வந்தால் மூன்று தலையும் என் கையில்தான். அதை வைத்துச் சொல்கிறேன்: முடியில் இருக்கிற ஈரத்தைக் கவனி. சூட்டைப் பற்றிய கவலை அதற்கு அப்புறம்தான்.

ஜூன் 12, காலை

காரணம் தெரிந்தால்தான் கை கேட்கும், அதனால் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தைப் பிடித்து நிறுத்தும் கட்டுகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டாலும் விடும், சூடு பட்டாலும் விடும். காய்ந்து ஆறும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். இன்னொன்று கந்தகப் பிணைப்பு. தண்ணீருக்கும் சீப்புக்கும் அது அசைவதில்லை. பார்லரில் ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் என்று போடுகிற ரசாயனம்தான் அதை உடைக்கும்.

வீட்டில் நாம் செய்கிற எல்லாமே முதல் பிணைப்போடுதான். ஸ்ட்ரெய்ட்னரும் அதுதான், கர்லரும் அதுதான், ராத்திரி பின்னிப்போட்டுக் காலையில் அவிழ்ப்பதும் அதுதான். ஆகவே தண்ணீர் கலைத்துவிடும். குளிக்கிற தண்ணீர் மட்டும் இல்லை, காற்றில் இருக்கிற ஈரமும். முழுக்க நனைந்தால் முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை தண்ணீரைக் குடிக்கும். குறுக்கில் 15 சதவீதம் போலப் பெருக்கும், நீளத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான். ஒவ்வொரு முடியும் தன் இஷ்டத்துக்குப் பெருத்து வளைவதுதான் பறட்டை. அம்பையில் இந்த மாதம் சாரல். நீ பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவ்வளவுதான்.

ஜூன் 12, மதியம்

ஒன்று விட்டுப்போயிற்று. ஸ்ட்ரெய்ட்னர் வைத்ததும் 'சுர்ர்' என்று சத்தம் கேட்டு ஆவி கிளம்புகிறதா? அந்த நொடியே எடுத்துவிடு. முடிக்கு உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் அது. வெளியே வர வழியில்லாத ஆவி உள்ளேயே குமிழியாகப் பொங்கி, முடித்தண்டைத் துளை துளையாக்கிவிடும். தோல் மருத்துவத்தில் இதற்குக் குமிழி முடி என்றே பெயர் உண்டு. 125 டிகிரிக் கர்லரை ஒரே இடத்தில் ஒரு நிமிஷம் வைத்தாலே இது வரும் என்று 1994-ல் வந்த மருத்துவக் கட்டுரை காட்டியிருக்கிறது. 230-ஐ விடு, 125-லேயே.

உன் முடியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. சீப்பில் வந்த முடியை ஜன்னல் வெளிச்சத்தில் நீளமாகப் பிடித்துப் பார். நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை மேலே சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். அந்த இடத்தில் நகத்தை வைத்து மடக்கினால் டக்கென்று முறியும். நல்ல முடி அப்படி முறியாது, வளையும். அக்கா மகளுடைய முடியில் முன்பக்கம் மட்டும் இந்தப் புள்ளி நிறைய இருந்தது. வகிட்டுக்கு இரண்டு பக்கமும் தினம் அவசரத்தில் இழுத்த இடம் அது. பின்னந்தலையில் ஒன்றுகூட இல்லை.

ஜூன் 13

"160 டிகிரி என் முடிக்கு ஏறவே மாட்டேங்குது" என்று ஒருத்தர், "எனக்கு 160-லேயே கருகுது" என்று இன்னொருத்தர். இரண்டும் சரிதான், முடி ஆளுக்கு ஆள் வேறு. மெல்லிய முடி, சாயம் போட்ட முடி, பிளீச் செய்த முடி: 130-லிருந்து 150. நடுத்தரம் 150–170. என்னைப் போலத் தடித்தது 180. அதற்கு மேல் நான் யார் தலையிலும் வைப்பதில்லை. காய்ந்த முடியிலேயே 220, 230 பக்கம் போனால் கெரட்டினின் உள்கட்டமைப்பே குலையத் தொடங்கும். அதற்கப்புறம் எந்த எண்ணெயாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. தலைக்கு வெளியே இருக்கிற முடிக்கு உயிர் கிடையாது, புண் ஆறுவது மாதிரி தானாக ஆறாது. வெட்டி எறிவது ஒன்றுதான் வழி.

டிகிரி காட்டாத மெஷின் வைத்திருப்பவர்களுக்கு: வெள்ளை டிஷ்யூ பேப்பரை இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஐந்தாறு நொடி பிடியுங்கள். பழுப்பு ஏறினால் அந்தச் சூடு தலைக்கு ஆகாது. பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டு மறுபடி பாருங்கள். பழைய காலத்துக் கைவேலைக்காரர்களின் சோதனை இது. 1872-ல் பாரீசில் மார்செல் கிராட்டோ என்ற சிகையலங்காரர் இடுக்கியைக் காஸ் அடுப்புத் தீயில் காட்டி முடியை அலையலையாக்கும் முறையைக் கொண்டுவந்தபோது இடுக்கியில் டிகிரியும் கிடையாது, சுவிட்சும் கிடையாது. காகிதம்தான் கண்.

ஜூன் 15

இப்போது தண்ணீர். இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கென்னவோ இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

எங்கள் தெருவில் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர், மேலே டேங்கில் ஏற்றுவது போர் தண்ணீர். போர் தண்ணீரில் குளித்த தலைக்கும் ஆற்றில் குளித்த தலைக்கும் தொட்டாலே வித்தியாசம் தெரியும். குறுக்குத்துறையில் முங்கி எழுந்து வந்த நாளில் என் முடி ஸ்ட்ரெய்ட்னரே கேட்காது. போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அது முடியின் மேல்செதிலில் படிந்து சொரசொரப்பாக்குகிறது. சொரசொரப்பான முடி ஒன்றோடொன்று உரசிச் சிக்கு விழும். சிக்கு விழுந்தால் இழுக்கத் தோன்றும், இழுத்தால் செதில் பெயரும். பறட்டை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. சோப்புப் போட்டுத் தலை குளிப்பவர்களுக்கு இன்னும் மோசம், கடினத் தண்ணீரில் சோப்பு திரிந்து பிசுக்காக ஒட்டிக்கொள்ளும்.

நான் செய்வது: போர் தண்ணீரில் குளித்தாலும் கடைசியில் ஊற்றுவது ஆற்றுத் தண்ணீர். குடத்தில் பிடித்து வைத்ததில் நாலைந்து கப்பு போதும். மாதத்தில் ஒரு தடவை இடிடிஏ கலந்த கிளாரிஃபையிங் ஷாம்பு, படிவை அது எடுத்துவிடும். அது கிடைக்காவிட்டால் ஒரு கப்புத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஊற்றி ஒரு நிமிஷம் விட்டு அலசு. அதற்கு மேல் சாற்றைக் கூட்டாதே, முடி வறண்டுவிடும்.

சீயக்காய், அரப்பு போடலாமா என்றால், தாராளமாக. சீயக்காய் கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது, செதில் அடங்கும். ஆனால் சலிக்காத தூளைப் போட்டுவிட்டு அப்படியே ஸ்ட்ரெய்ட்னர் வைத்தால் நறநறவென்று தகட்டில் தேய்க்கும். வடிகட்டிய சீயக்காய்த் தண்ணீர் என்றால் சரி.

ஜூன் 15, மறுபடி

தேங்காய்ப்பூத் துண்டால் தலையைத் தேய்க்காதீர்கள். தனியாக எழுதவேண்டிய அளவுக்கு முக்கியம். நனைந்த முடி மெத்தென்று இருக்கும், செதில் கொஞ்சம் தூக்கியிருக்கும். அந்த நேரத்தில் துண்டின் சுருணைகள் அதைப் பிடித்து இழுக்கும். பழைய வேட்டித் துணியோ வீரவநல்லூர்க் கைத்தறித் துண்டோ எடுத்து, பிழியாமல், தேய்க்காமல், ஒற்றி எடு.

ஜூன் 20

முதல் குறிப்பில் சாயங்காலம் குளித்துவிட்டு அப்படியே காயவிடு என்கிற மாதிரி எழுதியிருந்தேன். அதைக் கொஞ்சம் திருத்துகிறேன். கடையத்திலிருந்து ஒரு தங்கச்சி, "எனக்கு முழங்கால் வரை முடி, சாயங்காலம் குளித்தால் ராத்திரி வரைக்கும் அடிப்பகுதி ஈரம் போகாது, அதோடேயே படுக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். அவ்வளவு நேரம் ஈரமாக வைப்பதும் நல்லதில்லை. 2011-ல் கொரியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில் ஹேர் டிரையரையும் தானாகக் காய்வதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டிரையரைக் கிட்டே பிடித்தால் மேல்செதில் கெடுகிறது. தானாகவே காயவிட்ட முடியில் மேல்செதில் நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே செல்களை ஒட்டவைக்கும் படலம் ஈரத்தில் ஊறிக் கெட்டிருக்கிறது. டிரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காயவைப்பது தானாகக் காய்வதைவிடப் பாதிப்புக் குறைவு என்று முடித்திருக்கிறார்கள்.

ஒரு சாண் என்பது அதைவிடக் கொஞ்சம் கூட. அதனால் ஒரு சாண் தள்ளிப் பிடி, சூடு நடுத்தரத்தில், காற்று மேலிருந்து கீழாக. செதில்கள் நுனி நோக்கித்தான் படிந்திருக்கும், கீழிருந்து ஊதினால் எல்லாம் எழும்பிக்கொள்ளும். முக்கால்வாசி டிரையரில், மீதி ஃபேன் காற்றில். சாம்பிராணிக் கூடையில் முடியைப் பரப்பிக் காயவைப்பதையும் கேட்டிருந்தார்கள். கைக்குழந்தைக்குக் காட்டுகிற மிதமான புகை என்றால் ஒன்றும் ஆகாது. தணலை மட்டும் தள்ளி வையுங்கள்.

ஜூலை 2

எண்ணெய்ச் சண்டை ஆரம்பித்துவிட்டது, எதிர்பார்த்ததுதான். எண்ணெய் வைத்தால்தான் முடிக்குப் பாதுகாப்பு என்று ஒரு கட்சி, எண்ணெயோடு ஸ்ட்ரெய்ட்னர் வைத்தால் பொரிந்துவிடும் என்று ஒரு கட்சி. எப்போது வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

குளிப்பதற்கு முன்னால்: தேங்காய் எண்ணெய். அதில் உள்ள லாரிக் அமிலம் முடிக்குள் போகக்கூடிய அளவுக்குச் சின்ன மூலக்கூறு. 2003-ல் இந்தியாவில் செய்த ஆய்விலேயே தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் வைத்துப் பார்த்து, முடியிலிருந்து புரதம் கழுவிப் போவதைத் தேங்காய் எண்ணெய் ஒன்றுதான் குறைத்தது என்று கண்டார்கள். குளிக்கும்போது தண்ணீர் உள்ளே ஏறி முடி உப்புவதையும் அது குறைக்கும். முந்தின ராத்திரியோ இரண்டு மணி நேரம் முன்போ வைத்துவிட்டு நன்றாக அலசிவிட வேண்டும்.

ஸ்ட்ரெய்ட்னருக்கு முன்னால்: ஒரு சொட்டும் வேண்டாம். புகை கிளம்பினால் முடி வேகிறது, தகட்டிலும் பிசின் கட்டும். அந்த இடத்துக்கு ஹீட் புரொடெக்டன்ட் என்று விற்கிறதுதான் சரி. அதில் இருக்கிற சிலிகோனும் பாலிமரும் முடி மேல் மெல்லிய படலம் போட்டுச் சூட்டை மெதுவாக இறக்கும். சூட்டைத் தடுத்துவிடாது, 230-க்கு அனுமதிச் சீட்டும் இல்லை. ஸ்ப்ரே என்றால் அதுவும் ஈரம்தான், அடித்துவிட்டுக் காயவிடு.

எல்லாம் முடிந்து முடி ஆறினபின்: சீரம், இரண்டு சொட்டு, உள்ளங்கையில் தேய்த்து நுனிக்கு. டப்பாவின் பின்னால் படித்துப் பாருங்கள். டைமெத்திகோன் மாதிரி சிலிகோன் முதலில் இருந்தால் சாரல் காலத்துக்கு நல்லது, வெளி ஈரத்தை நிறுத்தும். கிளிசரின் முதலில் இருந்தால் தென்காசி, குற்றாலம் பக்கம் இந்த மாதங்களில் வேண்டாம். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து முடிக்குக் கொடுப்பதுதான் கிளிசரினின் வேலை.

ஜூலை 6

நேற்று வீட்டில் வளைகாப்பு. அக்கா மகளுக்கு முடியை நீட்டிவிட்டேன். வரிசையாக எழுதச் சொல்லி ரொம்பப் பேர் கேட்டதால் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முந்தின நாள் குளியல், டிரையர், ராத்திரி தொளதொளவென்று ஒற்றைப் பின்னல். காலையில் விரலால் பிரித்துவிட்டு அகலப் பல் சீப்பு, நுனியிலிருந்து மேலே. தலையை நாலு பாகமாகப் பிரித்து மூன்றைக் கொண்டை ஊசியில் கட்டிவைத்தாயிற்று. பிடரியிலிருந்துதான் ஆரம்பம். இரண்டு விரல் அகலம், அதற்கு மேல் எடுக்கக்கூடாது. தடிமனாக எடுத்தால் நடுவில் இருக்கிற முடிக்குச் சூடு போகாது, வெளியில் இருக்கிறது கருகும். அப்புறம் மறுபடி மறுபடி இழுக்க வேண்டிவரும்.

இடது கையில் மெல்லிய பல் சீப்பு, வலது கையில் ஸ்ட்ரெய்ட்னர். சீப்பு முன்னே போக, தகடு அதை ஒட்டியே பின்னால் வர வேண்டும். வேரிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி வைத்து, ஒரு முழ முடிக்கு மனசுக்குள் ஐந்து எண்ணுகிற வேகத்தில் நிறுத்தாமல் இறக்கினேன். நடுவில் நின்றால் அந்த இடத்தில் மடிப்பு விழும். முடிந்ததும் அந்தக் கற்றையைத் தொடாமல் தொங்கவிட்டேன். ஆறுகிற வரை அது சூடான முடி, பிணைப்பு இன்னும் பிடிக்கவில்லை. அதற்குள் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாலும் அந்த வளைவு அப்படியே நிற்கும். அவளுக்கு அதுதான் முடியவில்லை, கை தானாக முடிக்குப் போகிறது. மடியில் வளையல் பெட்டியைக் கொடுத்து அடுக்கச் சொன்னோம், அப்புறம்தான் கை அடங்கியது.

175 டிகிரி. ஒரு கற்றைக்கு ஒரே இழுப்பு, முன்பக்கம் ரெண்டு மூன்று கற்றைக்கு மட்டும் இரண்டு. வெள்ளைப் புள்ளி இருந்த பாகத்தை முன்பே வெட்டியாகிவிட்டது, அதனால் பயமில்லாமல் செய்ய முடிந்தது. பிச்சிப்பூ வைத்த இடத்தில் மட்டும் சாயங்காலம் லேசாகச் சுருண்டுவிட்டது. நனைத்த வாழைநாரில் கட்டின சரம் அது. பூவுக்குக் கீழே தலைமுடியில் ஒரு சின்னப் பின்னல் போட்டு, அதில் சரத்தைக் குத்தினால் ஈரம் நீட்டின முடிக்கு வராது. இனி அப்படித்தான்.

இந்தப் பக்கம் நான் அவள் சுருட்டையை நீட்டிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் மைனி தன் கோரை முடிக்குக் கர்லர் வைத்துக்கொண்டிருந்தாள். ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "இவ சுருட்டைய நிமித்துதா, அவ நிமிந்தத சுருட்டுதா. ரெண்டு பேரும் தலைய மாத்திக்கிட்டா கரண்டு பில்லு மிச்சம்லா" என்றாள். வீடே சிரித்தது.

ஜூலை 9

சுருட்டுவது பற்றி. மைனி மாதிரி மெல்லிய கோரை முடிக்குக் கர்லரைவிடச் சூடில்லாத வழி நன்றாக நிற்கிறது. ஈரத்தில் கலையும் பிணைப்பு, காயும்போது சேரத்தானே செய்கிறது? அதற்குச் சூடு எதற்கு? பத்துக்கு ஒன்பது பங்கு காய்ந்த முடியை, பழைய பருத்திப் புடவையில் கிழித்த நாலு விரல் அகலத் துணியில் நுனியிலிருந்து மேலே சுருட்டி முடிச்சுப் போட்டுவிட்டுப் படுக்க வேண்டியதுதான். காலையில் அவிழ்த்துச் சீப்பு போடாமல் விரலால் மட்டும் பிரிக்க வேண்டும். இறுக்கிக் கட்டக்கூடாது. வேரில் வலித்தால் தளர்த்துங்கள், இழுத்துக் கட்டிக் கட்டியே நெற்றியோரம் முடி கழிவது உண்டு.

ரெட்டைச் சடை போட்டு மடித்து ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இது தெரியும். சாயங்காலம் அவிழ்த்தால் என்ன அலை! அதில் நுனி மட்டும் நேராக நிற்கும், துணியில் சுருட்டினால் நுனியும் வளையும்.

இயற்கையிலேயே சுருட்டை உள்ளவர்களுக்கு வேறு கணக்கு. காய்ந்தபின் சீப்பே வேண்டாம். நனைந்திருக்கும்போதே கண்டிஷனரோடு சிக்கெடுத்துவிட்டு, ஆளி விதையைக் கொதிக்கவைத்து வடித்த கூழைக் கையில் எடுத்து முடியைக் கீழிருந்து கசக்கிவிட வேண்டும். ஒரு பங்கு விதைக்கு எட்டுப் பங்கு தண்ணீர். சூடாக இருக்கும்போதே மெல்லிய துணியில் வடி, ஆறினால் துணியைவிட்டு இறங்காது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். ஆளி விதை இல்லாவிட்டால் செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த கொழகொழச் சாறு, அன்றன்றைக்கு. காய்ந்ததும் மொடமொடவென்று இருக்கும், அப்புறம் கையால் கசக்கினால் மெத்தென்று ஆகிவிடும்.

ஜூலை 24

ஆடிக் காற்று. ராதாபுரத்திலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார்: "இங்கே சாரலும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் காற்றுதான். காற்றாலை சுற்றுகிற ஊரில் ஸ்கூட்டரில் போகிறவள் என்ன செய்ய?"

இங்கே பறட்டைக்குக் காரணம் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையைவிட்டுத் தள்ளிக் கிழக்கே வந்தால் இந்த மாதங்களில் காற்று வறண்டது. ஈரம் ஏறுவதில்லை, இருக்கிற ஈரமும் போய்விடுகிறது. வறண்ட முடியில் உரசலும் மின்னேற்றமும் சேர்ந்து தனித்தனியாக எழும்பும், சிக்கும் விழும். அதனால் டீச்சருக்கு நான் சொல்வது அம்பைத் தங்கச்சிக்குச் சொன்னதற்கு நேர் எதிர்: குளித்தபின் கழுவாத கண்டிஷனர் கொஞ்சம் வையுங்கள், பிளாஸ்டிக் சீப்பை விட்டு மரச் சீப்பு எடுங்கள். வண்டியில் போகும்போது பின்னிக்கொள்ளுங்கள். வழுவழுப்பான துணியால் தலையைக் கட்டி அதன்மேல் ஹெல்மெட். நீட்டின முடியை விரித்துப்போட்டு வண்டியில் போகிற ஊர் இல்லை அது. காய்ந்த முடியில் கொஞ்ச நேரப் பின்னல்தானே, பள்ளிக்கூடம் போய் அவிழ்த்தால் நேராகவே இருக்கும்.

இதைப் படித்த களக்காட்டு அக்கா, "பாளையிலிருந்து குற்றாலம் போகிற கல்யாணத்துக்கு எதை வைக்க?" என்கிறார். போகிற ஊரைப் பார்த்து வையுங்கள். கிளம்புகிற ஊரை விடுங்கள்.

ஆகஸ்ட் 18

சங்கரன்கோவில் அண்ணாச்சி ஒருத்தர் மகளுக்காகக் கேட்கிறார்: வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் கெரட்டின் கிட் ஆன்லைனில் மலிவாக வருகிறது, ஆறு மாதம் நிற்குமாம், வாங்கலாமா?

வாங்காதீர்கள் அண்ணாச்சி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்த வகைக் கிட்களில் பல, சூடு வைத்ததும் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடக்கூடியவை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தி வைத்திருக்கிற வாயு அது. கதவடைத்த படுக்கையறையில் கண் எரிய, மூக்கெரிய அதைச் சுவாசிக்க வேண்டிவரும். 'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்று போட்டிருப்பவற்றில் பலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கும். அது தலைத்தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பாதித்ததை 2024-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். 26 வயதுப் பெண், ஒவ்வொரு தடவை போட்டபின்னும் சிறுநீரகச் செயல்பாடு விழுந்திருக்கிறது.

எங்கள் உறவில் ஒரு பெண் இந்த மாதிரி கிட் ஒன்றைப் போட்டு, தலைத்தோல் கொப்பளித்து, காதோரம் முடி கொத்தாக வந்தது. கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்த பிள்ளை. சவுரி வைத்துத்தான் சமாளித்தோம். அவள் அழுததைப் பார்த்ததிலிருந்து இந்தப் பேச்சு வந்தாலே என் குரல் உயர்ந்துவிடும்.

நிரந்தரமாக நீட்ட வேண்டும் என்றே இருந்தால், கைபழகியவர்களிடம், ஒரு கற்றையில் சோதித்துப் பார்த்துவிட்டு. முன்னால் என்ன போட்டிருக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், மருதாணி, கறுப்புச் சாயம் உட்பட. ஒரு வகை ரசாயனத்தின் மேல் இன்னொரு வகை போட்டால் முடி கையோடு வரும்.

ஆகஸ்ட் 19

அண்ணாச்சி "சரி, விட்டாச்சு" என்று எழுதியிருக்கிறார். நிம்மதி.

அக்டோபர் 30

ஐப்பசி அடைமழை. இப்போது பாளையிலும் அம்பை மாதிரிதான். இந்த இரண்டு மாதத்துக்கு என் யோசனை: நீட்டுவதை நிறுத்திவிடுங்கள். உங்கள் முடி தானாக எப்படிப் போகிறதோ அந்தப் பக்கமே தள்ளிவிடுங்கள். அலை முடிக்கு அலை, சுருட்டைக்குச் சுருட்டை. ஈரக் காற்று முடியை அதன் சொந்த வடிவத்துக்குத்தான் இழுக்கும், அதோடு மல்லுக்கட்டி 160-ஐ 180, 180-ஐ 200 என்று ஏற்றத்தான் ஆசை வரும். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்கு யாரும் ஸ்ட்ரெய்ட்னரை எடுக்க வேண்டாம். நல்லெண்ணெய் ஒரு அலசில் போகாது.

மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூட, அவ்வளவுதான் முடி வளர்கிறது. இடுப்பு வரை முடி என்றால் நுனிக்கு ஐந்து வயசுக்கு மேல் ஆகியிருக்கும். அவ்வளவு வருஷம் வெயிலும் தண்ணீரும் பார்த்த நுனிக்கும் போன மாதம் முளைத்த வேருக்கும் ஒரே சூடு எதற்கு? நுனியில் வேகமாக இறங்குங்கள்.

நவம்பர் 9

அம்பைத் தங்கச்சி மறுபடி வந்திருக்கிறாள். 155-ல் செய்கிறாளாம், வாரத்தில் இரண்டு நாள்தானாம், மற்ற நாள் பின்னல். கல்யாணத்துக்குக் கர்லர் வாங்கப் போகிறாள், எந்த அளவு என்று கேட்கிறாள்.

தோள் வரைக்கும் என்றால் 25 மில்லிமீட்டர். உன்னைப் போல முதுகு தாண்டின முடிக்கும் அதையே வாங்கு, 32 வேண்டாம். நீள முடியின் பாரமே சுருளை இறக்கிவிடும், கல்யாண மண்டபம் போய்ச் சேர்வதற்குள் 25-ல் போட்டது 32 மாதிரி ஆகிவிடும். 19-ல் போட்டால் பிரிக்க வராது. டிகிரி காட்டுகிறதா, தானாக அணைகிறதா, பார்த்து வாங்கு. எட்டு முதல் பத்து நொடி பிடித்து, ராடை உருவினபின் அந்தச் சுருளை உள்ளங்கையில் ஏந்தி கிளிப் போட்டு ஆறவிடு. எல்லாம் ஆறினபின்தான் அவிழ்ப்பது.

வாரம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறினபின் தகட்டை ஈரத்துணியால் துடை. பிசின் கட்டியிருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம், கத்தியால் சுரண்டாதே. பூச்சு போனால் அந்த இடம் முடியைப் பிடித்து அறுக்கும். குளியலறையில் வைத்துப் பயன்படுத்தாதே.

கல்யாணம் எந்த ஊரில் என்று சொல்லவில்லையே? தென்காசி என்றால் கிளிசரின் இல்லாத சீரம், வள்ளியூர் என்றால் காற்றுக்குத் தலையைக் கட்ட ஒரு துப்பட்டா.